பானைப் பொட்டலின் மூன்றாவது வட்டம்

என் உயிருக்கு உயிரான வீட்டுக்காரருக்கு,

மேலே இருக்கும் வரி நம் மகள் கவிதா சொல்லி எழுதியது. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். எனக்கு வாயில் வந்த வரி வேறு. அதை எழுதினால் யாரும் அச்சில் போடமாட்டார்கள் என்கிறாள்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போடலாமா என்று நீங்கள் வேலை பார்த்த பிரஸ்ஸிலேயே கேட்டார்கள். நாலு வரிப் பாட்டு அவர்களிடம் தயாராக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும். பாசத்தின் சிகரமே, பண்பின் இமயமே என்று என்னென்னவோ. அந்தச் சிகரத்தோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான், எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்பதற்கு என்னிடம் நாலு வரிக்கு மேல் இருக்கிறது. கேட்கிறேன், ஊரும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஆப்செட் பிரஸ் ஒன்றில் பிலிம் எடுக்கிற வேலை உங்களுக்கு. ஆறு நாளும் காலண்டர் சாமிகளையும், வெடிப்பெட்டி லேபிளில் சிரிக்கிற குழந்தைகளையும் பெரிய கேமராவில் பிடிப்பீர்கள். ஏழாவது நாள் ஒரு பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு செத்தவர்களைத் தேடிக் கிளம்பிவிடுவீர்கள். இன்று நேற்றுச் செத்தவர்கள் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் செத்து, தாழியில் வைத்துப் புதைத்து, மேலே வட்டமாகக் கல் நட்டுவைத்த ஆட்கள். அவர்களுக்கு நம்மிடம் என்ன கேட்க வேண்டியிருந்தது? நமக்குத்தான் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தது?

தனியாகப் போயிருந்தால் சரி, தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என்னையும் அல்லவா இழுத்துக்கொண்டு போனீர்கள்.

நானும் ஆறு நாள் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். விரல் நுனியெல்லாம் எரியும், இடுப்பு விட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுத்துச் சமைத்து, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர ஒரு நாள். அந்த நாளில் சோற்றுப் போணியைத் தூக்கிக்கொண்டு, விருதுநகரில் ஒரு பஸ் மாறி, காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலில் போய் வெயிலில் நிற்பேன். எதற்கு? அளவுக்கு.

கல்லை மட்டும் படம் எடுத்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாதாம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் உயரம் பிடிபடுமாம். மற்றவர்கள் அதற்கு ஒரு குச்சியை நட்டு வைப்பார்கள். உங்களுக்குப் பொண்டாட்டி இருந்தாள்.

"ஏ சண்முகத்தாயி, அந்தக் கல்லுகிட்டப் போய் நில்லு. இன்னுங் கொஞ்சம் ஒட்டி நில்லு. மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கோ."

"எதுக்கு மூஞ்சியத் திருப்பணும்?"

"மூஞ்சி தெரிஞ்சா பாக்குறவன் ஒன்னயத்தான் பாப்பான். கல்லப் பாக்க மாட்டான்."

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. புருஷன் நம் முகத்தை மெச்சுகிறான் என்று நினைத்துவிட்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெட்டி நிறையப் படம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன், முதுகும் கொண்டையுமாக.

கவிதா பெரிய மனுஷியானபோது சடங்குக்கு வெளியிலிருந்து ஸ்டுடியோக்காரரை அழைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கேமராவில் பிலிம் மிச்சம் இருந்தது. அது பொட்டலுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். சொந்தக்காரர்கள் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். கம்பெனியில் அதன் பிறகு எனக்குப் பெயரே மாறிவிட்டது. "பொணக்குழிக்கு டூர் போறவ வந்துட்டாடி" என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் அந்தச் சுண்ணாம்பு. பொட்டலில் மண்ணும் கல்லும் ஒரே நிறம், படத்தில் வட்டம் பிரிந்து தெரியாது என்று ஒவ்வொரு கல்லிலும் பட்டையாகச் சுண்ணாம்பு அடிப்பீர்கள். ஒரு மழையில் போய்விடக் கூடாது என்று மரம் ஒட்டுகிற வஜ்ரப் பசையைக் காய்ச்சிக் கலந்து கொண்டுவருவீர்கள். நம் வீட்டுச் சுவருக்கு அந்த வஜ்ரத்தைக் காட்டியிருப்பீர்களா? தீபாவளிக்குத் தீபாவளி நான்தான் வெறும் சுண்ணாம்பைக் கரைத்து அடித்தேன். சாய்ந்தால் முதுகில் ஒட்டும்.

பானைப் பொட்டல் என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தது அங்கே ஆடு மேய்க்கிறவர்கள். மழை பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து பானை விளிம்பு எட்டிப் பார்க்கும். மூன்று கல்வட்டம் இருந்தது. ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி நம்மிடம் சொன்னாளே: "அந்தக் காலத்து ஆளுகளுக்குச் சாவே கெடையாதாம்த்தா. வயசாக வயசாகச் சுருங்கிக்கிட்டே போவாகளாம். வெளக்கு மாடத்துல தூக்கி வைக்கிற அளவுக்குச் சுருங்குனதும், பானைக்குள்ள ஒக்கார வச்சு, சோறும் தண்ணியும் வச்சு மூடிருவாகளாம்." நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சாகாதவர்களைத் தேடிப் போய்ச் செத்தது நீங்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரைக்கும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சித்திரை வெயில். மூன்றாவது வட்டத்துக்கு அன்றைக்குத்தான் சுண்ணாம்பு அடித்தீர்கள். மற்ற இரண்டையும்விட அது பெரிது. அதன் ஓரத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு குத்துக்கல். அடித்து முடித்தவர் படத்தை எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? வெயில் சாயட்டும், நிழல் நீளமாக விழுந்தால்தான் கல் எடுப்பாகத் தெரியும் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். சோறும் இறங்கவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. நெஞ்சைத் தடவித் தடவி விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன செய்யுது ஒங்களுக்கு?"

"வாயுத்தான். மொச்சப்பயறு சேரல."

"மூஞ்சியே சரியில்ல. போவோம், எந்திரிங்க. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிருவீக. செத்த ஆளுக எங்கனயும் எந்திரிச்சுப் போயிர மாட்டாக."

"செத்த நேரம் பொறு. இந்தா, நெழலு வந்துருச்சு. போய் நில்லு. மூஞ்சியத் திருப்பு."

நான் திருப்பவில்லை. உங்களுக்கு நேராக நின்று வாயில் வந்தபடி வைதேன். வைது முடிப்பதற்குள் அமுக்கிவிட்டீர்கள். அதுதான் நீங்கள் எடுத்த கடைசிப் படம்.

விருதுநகர் வருகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். அது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் அதற்குள் நழுவிவிட்டீர்கள், பதில் சொல்ல நான் ஒருத்தி நின்றேன். உங்கள் அக்கா கேட்டார், உங்கள் முதலாளி கேட்டார், தெருவில் தண்ணீர் பிடிக்க வந்தவள்கூடக் கேட்டாள். நெஞ்சுவலியை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? யாரோ ஒருவனுடைய புதைகுழி நிழலுக்காகவா? படிக்கிற வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறாளே, அந்த நினைப்புக்கூடவா வரவில்லை?

கேமராவை உடைக்கத்தான் கையில் எடுத்தேன். கவிதா பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் இப்போது அச்சு வேலைக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறாள், கெட்டிக்காரி என்று சொல்கிறார்கள். நீங்கள் வேலை பார்த்த பெரிய கேமராவைப் பிரஸ்ஸில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். நீங்கள் தபாலில் படம் அனுப்பிக்கொண்டிருந்தீர்களே, அவர்தான். நீங்கள் இறந்ததே வீட்டுக்குள் வந்து, மாலை போட்ட படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். நாலு வழிச் சாலைக்குச் சரளை மண் அள்ளுகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் பானைப் பொட்டலில் இறங்கிவிட்டாராம். முதல் வட்டமும் இரண்டாவது வட்டமும் போய்விட்டன, மூன்றாவது மட்டும் மிச்சமாம்.

"அங்க வெறும் பொட்டல்தான், ஒண்ணுமே கிடையாதுன்னு சொல்றாங்கம்மா. இருந்ததுக்கு அத்தாட்சி சார் எடுத்த படங்கள்தான். தடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கோம்" என்று ஒரு படத்தை நீட்டினார். அதில் என் முதுகைத் தொட்டுக் காட்டி, "இந்த ஸ்கேல் எவ்வளவு உயரம்னு சார் எழுதாமப் போயிட்டார். அது தெரிஞ்சா ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றார்.

"அந்த ஸ்கேல்தான் ஒங்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்துருக்கு. ஆறிப்போகும், குடிங்க" என்றேன்.

பாவம், மனுஷனுக்குப் புரை ஏறிவிட்டது.

அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து உங்களை ஒரு பாட்டம் வைதேன். செத்தவர்கள் எங்கேயும் எழுந்து போய்விட மாட்டார்கள் என்று சொன்னேனே, லாரியில் ஏறிப் போய்விட்டார்களே. அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தது சரி என்று ஆகிவிட்டது. செத்த பிறகும் சண்டையில் நீங்களே ஜெயித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனால் ஒன்று மட்டும் மனசை அறுத்தது. அந்த மூன்றாவது வட்டமும் போய்விட்டால் அங்கே கல்லும் இருக்காது, நிழலும் இருக்காது. அப்புறம் நீங்கள் எதற்குச் செத்தீர்கள்? ஒன்றுமில்லாத ஒரு பொட்டலுக்கா? வீம்பு பிடித்த மனுஷன் ஒரு கல்லுக்காகச் செத்தான் என்றாவது நான் சொல்லிக்கொள்ள வேண்டாமா? அந்தக் கல் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. பீரோவைத் திறந்து கேமராவை எடுத்து, உள்ளே கிடந்த பிலிமோடு கவிதா மூலம் வாத்தியாருக்குக் கொடுத்தனுப்பினேன்.

கழுவிக் கொண்டுவந்தார்கள். கடைசிப் படத்தைப் பார்த்தேன். குத்துக்கல் பக்கத்தில் நான், முகம் நேராக. வாய் திறந்திருக்கிறது, ஒரு கை உங்களை நோக்கி நீண்டிருக்கிறது. நிழல் நீங்கள் கேட்டபடி நீளமாகத்தான் விழுந்திருக்கிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருகிற நாளில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். உங்கள் பொட்டலை நீங்கள் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. முதல் இரண்டு வட்டம் இருந்த இடத்தில் ஆள் மறைகிற பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் தாழி ஓடுகள் சில்லு சில்லாகக் கிடந்தன. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. யார் மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டைக்காரர், அதிகாரியை விட்டு ஒரு அடி நகரவில்லை. வாத்தியார் காட்டிய படங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது வேற எங்கனயோ எடுத்தது சார். பொட்டலு எல்லா ஊர்லயும் ஒண்ணு போலத்தான் இருக்கும். இந்தப் பொம்பள யாரோ, எவரோ. முதுகப் பாத்து ஆளு சொல்ல முடியுமா சார்?"

வாத்தியார் படித்தவர், மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குத்துக்கல் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினேன்.

"யோவ், யாரோ எவரோன்னா யாரச் சொல்லுத? ஞாயித்துக்கெழம தவறாம இந்த வெயில்ல நின்னு கருத்தவ நானு. என் புருஷன் உசுரக் குடுத்த எடம்யா இது. மண்ணத் திங்குறதுதான் திங்க, அதோட பொய்யயும் சேத்துத் திங்காத. செரிக்காது."

அதிகாரி கையில் அப்போது அந்தக் கடைசிப் படம் இருந்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அம்மா, அசையாம அப்படியே நில்லுங்க" என்றார். பக்கத்தில் வந்து, குத்துக்கல்லின் கழுத்தில் இருந்த வெடிப்பை விரலால் தடவிப் படத்தோடு ஒப்பிட்டார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"அதே கல்லு, அதே அம்மா, அதே கோபம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மூன்றாவது வட்டத்தைத் தொடக் கூடாது என்று ஜீப் மேலேயே தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறு உத்தரவு வரும் வரைக்கும். அது எப்போது வரும், என்ன சொல்லி வரும் என்று யாருக்கும் தெரியாது. வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பொக்லைன் ஓட்டுகிறவர், என் வயசு இருக்கும், காரியாபட்டிக்காரர், தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"யக்கா, தப்பா நெனைக்காதீக. இது இம்புட்டு வெவகாரமான எடம்னு எனக்குத் தெரியாது. சுண்ணாம்பு அடிச்சிருந்துச்சு, அதான் அள்ளுனேன்."

"சுண்ணாம்பு அடிச்சிருந்தா?"

"எங்க வேலையில வெள்ளை அடிச்ச கல்லுன்னா அளந்து விட்ட எல்லை யக்கா. அதுக்குள்ள அள்ளிக்கோன்னு அர்த்தம். அம்புட்டுப் பெரிய பொட்டல்ல வெள்ளையா கண்ணுல பட்டது இந்தக் கல்லுக மட்டுந்தான். அங்கனயே மொதல்ல வாளிய எறக்கிட்டேன்."

"அப்ப இந்த மூணாவது வட்டமும்?"

"எனக்கு ஆர்டர் தெரியும்க்கா, நான் தொட மாட்டேன். நாளைக்கு வேற வண்டி வரும், வேற டிரைவரு வருவான். அவன் தாளையா பாப்பான்? வெள்ளையத்தான் பாப்பான்."

கேட்டீர்களா? அந்தப் பொட்டல் முழுக்கச் சரளைதான். எங்கே வேண்டுமானாலும் அள்ளியிருக்கலாம். உங்கள் சுண்ணாம்புதான் அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்றுதானே வஜ்ரம் காய்ச்சி ஊற்றி அடித்தீர்கள்? தெரிந்துவிட்டது. இரண்டாயிரம் வருஷமாக ஒருவன் கண்ணிலும் படாமல் பத்திரமாகப் படுத்திருந்தவர்களை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

வாத்தியாரை ஜீப்பில் போகச் சொல்லிவிட்டேன். பொக்லைன்காரர் ஒரு கேன் தண்ணீரும் பழைய சாக்கு ஒன்றும் கொடுத்தார். முதல் கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீரைத் தெளித்து, பொட்டல் மண்ணை அள்ளிப் போட்டு, சாக்கால் தேய்த்தேன். வஜ்ரம் போட்ட சுண்ணாம்பு லேசில் விடுமா? என் கைத்தோல்தான் முதலில் போனது. தண்ணீர் தீர்ந்ததும் கண்மாயில் சேறாகக் கிடந்ததை மொண்டு வந்தேன். அந்த மனுஷரும் இரண்டு நடை தூக்கி வந்து வைத்தார். ஒவ்வொரு கல்லாக வெள்ளை போய், மண்ணின் நிறத்துக்குத் திரும்பியது.

கடைசியாகக் குத்துக்கல். முன்பக்கம் இருந்த பட்டையைத் தேய்த்துவிட்டுப் பின்பக்கம் போனேன். படத்தில் தெரியாத பக்கம். அங்கே நீங்கள் பட்டை எதுவும் அடிக்கவில்லை. ஒரு கை பதிந்திருந்தது. வலது கை, ஐந்து விரலும். சுண்ணாம்புக் கையோடு கல்லைப் பிடித்து நின்றிருக்கிறீர்கள். விரல்கள் வழுக்கிக் கொஞ்ச தூரம் கீழே இழுத்திருந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலி சாயங்காலம் வரவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகும் வரவில்லை. சுண்ணாம்பு அடிக்கும்போதே வந்துவிட்டது. நான் அப்போது பொட்டல் ஓரத்து வேப்ப மரத்தடியில் சோற்றுப் போணியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். நீங்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள், என்னைக் கூப்பிடவில்லை.

அந்தக் கைமேல் என் கையை வைத்துப் பார்த்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். வைக்கவில்லை. வெள்ளையாக எது இருந்தாலும் அள்ளிவிடுவார்கள். சாக்கை நனைத்துத் தேய்த்தேன். சுண்டு விரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, அழுதுகொண்டும் வைதுகொண்டும் தேய்த்தேன். நீங்கள் கடைசியாக ஊன்றி நின்ற அடையாளம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் என் கையாலேயே அழிக்க வைத்துவிட்டீர்கள்.

இப்போது மூன்றாவது வட்டம் மற்றக் கற்களோடு கல்லாகக் கிடக்கிறது, தெரியாதவன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அதை நிற்க வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்ப்பேன். மறு உத்தரவு வந்தால் அதோடும் மல்லுக்கு நிற்பேன். ஆனால் கூப்பிடு தூரத்தில் நான் இருந்தும் கூப்பிடாமல் நின்றீர்களே, அதை மட்டும், அந்தக் கல் இன்னும் இரண்டாயிரம் வருஷம் நின்றாலும் மன்னிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்கும்
உங்கள் பொண்டாட்டி
சண்முகத்தாய்